ஏழாவது வரி

அபோண்டி யாரையும் லேசில் நம்பமாட்டாள். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த தொலைபேசி எண்ணை வலைப்பக்கத்தில் போடும் முன் தானே ஒருமுறை அழைத்துப் பார்ப்பாள். தேவாலயத்து வலைப்பக்கத்தை எழுதியபோது ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்கு என்று பாதிரியார் சொன்னதை நம்பாமல் வாசல் காவலாளியிடம் கேட்டு வந்தவள் அவள். இருவரும் சொன்ன நேரங்களில் அரைமணி வித்தியாசம் இருந்தது.

கிசுமு நகரத்தில், ஒகிங்கா ஒடிங்கா தெருவில், செருப்புக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். மூன்று மேசை, ஒரு மின்விசிறி. பக்கங்களுக்கு வேண்டிய வாசகங்களை நான் எழுதுவேன். அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் எனக்கு வாத்தியார் என்று பெயர். அந்த வாசகங்களை நிரலாக்கி வலையில் ஏற்றுவது அபோண்டியின் வேலை.

தட்டச்சுப் பள்ளியில் படித்துவிட்டு இணைய நிலையத்தில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்தவள். வலைப்பக்கம் எழுதுவதற்கான உலகப் பொது விதிகளை, முந்நூறு பக்கம், நாளுக்கு மூன்று தாளாக அங்கே அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டு போய்ப் படித்தாள். பிற்பாடு அந்தக் கட்டைச் சணல் கயிற்றால் கட்டி மேசையில் வைத்திருந்தாள். நிரலில் திறந்த டேக் குறியை மூடாமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பக்கத்துக்கு ஒரே ஒரு தலைப்பு, அதற்குக் கீழே துணைத் தலைப்பு, ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் சொற்கள். எல்லாம் விதிப்படி.

"பிரவுசர் பொய் சொல்லும் வாத்தியாரே," என்பாள். "நாம கோணலா எழுதினாலும் அது பூசி மெழுகி அழகா காட்டிடும். தேடுபொறி அப்படி இல்ல. அதுக்குக் கண்ணு கிடையாது. நிரலைத்தான் படிக்கும். நிரல் அழுக்கா இருந்தா நம்ம கடைப் பேரே அதுக்குத் தெரியாது."

இதை நான் முதலில் தொழில் பெருமை என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. சியாயா, போண்டோ போன்ற சுற்றுவட்டார ஊர்களில் காய்ச்சலில் துடிக்கும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு யாரோ ஒருவரின் கைப்பேசிதான் வழிகாட்டி. தேடினால் முதல் பக்கத்தில் வராத மருத்துவமனை அவளைப் பொறுத்தவரை கட்டப்படாத மருத்துவமனை. மேலே வருகிறவன் மருத்துவனா மோசக்காரனா என்று தேடுபொறி கேட்பதில்லை. பணம் படைத்தவன் எந்தத் திருட்டு வழியிலாவது மேலே ஏறிவிடுவான். நேர்மையான ஏழைக்கு இருக்கும் ஒரே ஏணி சுத்தமான நிரல்.

எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு. பக்கம் பாதி வேலையில் இருக்கும்போது அது தேடலில் சிக்கிவிடக் கூடாது என்று, நிரலின் தலைப்பகுதியில் ஒரு வரி போட்டு வைப்போம். தேடுபொறியிடம் 'இந்தப் பக்கத்தைப் பட்டியலில் சேர்க்காதே' என்று சொல்லும் வரி அது. நாங்கள் அதைத் தாழ்ப்பாள் என்போம். வேலை முடிந்து பக்கத்தை ஏற்றும் நாளில் தாழ்ப்பாளை எடுக்க வேண்டும். மறக்காமல் இருக்க, தாழ்ப்பாள் போட்ட அன்றே மஞ்சள் சீட்டு ஒன்றை மானிட்டரின் ஓரத்தில் ஒட்டுவது அலுவலக வழக்கம். வரியை எடுத்தால்தான் சீட்டைக் கிழிக்கலாம்.

அபோண்டியின் மானிட்டரில் சீட்டே இருக்காது. "மின்விசிறி போட்டா பறக்கிற காகிதத்தை நம்பணுமா? என் கண்ணு இருக்கு," என்பாள்.

மூன்றாவது மேசை ஸ்வாலேயுடையது. கடற்கரை ஊரான மொம்பாசாக்காரன், இருபத்தாறு வயது, வந்து எட்டு மாதம். அவன் மானிட்டரில் நாலு பக்கமும் மஞ்சள் சீட்டுகள். "உன் கம்ப்யூட்டருக்கு அம்மை போட்டிருக்கு," என்று அபோண்டி கேலி செய்வாள். அவன் சிரித்துக்கொண்டே, "ஞாபகம் இல்லாதவனுக்குச் சீட்டுதான் அக்கா," என்பான். மதியம் நாங்கள் கீழே போய் உகாலிக் களியும் பொரித்த ஓமெனாப் பொடிமீனும் தின்னும்போது அவன் தொழுகைக்குப் போய்விட்டு, தன் மேசையிலேயே சப்பாத்தியைப் பிய்த்துத் தின்பான். எங்களோடு உட்காராதவன் என்று கட்டிடத்தில் அவனுக்குப் பெயர். நாங்கள் அவனைக் கூப்பிட்டதும் இல்லை.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை நெரேயா சிஸ்டர் படியேறி வந்தார். ஊரின் கொண்டேலே பகுதியில், அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை இரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கு ஒரு சின்ன கிளினிக் நடத்துகிறவர். ஏழைக் குழந்தைகளுக்கு மாத்திரை இலவசம். அவருடைய பழைய பக்கத்தை அபோண்டி மே மாதம்தான் புதிதாக எழுதி ஏற்றியிருந்தாள். மூச்சு வாங்க உட்கார்ந்த சிஸ்டர், நீளமான பதிவேட்டைத் திறந்து மேசையில் வைத்தார்.

"அபோண்டி, முன்னெல்லாம் வாரத்துக்கு ஒன்பது பத்து புது அம்மாமாருங்க வருவாங்க. எப்படித் தெரியும்னு கேட்டா, போன்ல பாத்தோம்பாங்க. நாலு வாரமா கொறைஞ்சுக்கிட்டே வந்து, போன வாரம் ஒருத்தர்கூட இல்ல. அப்புறம் இதைப் பாரு."

பையிலிருந்து ஒரு பழுப்புக் குப்பியை எடுத்தார். மேலே ஒரு ஆளின் படம், 'டாக்டர் ஒபாடியா, எலும்பு பலம்' என்ற எழுத்து.

"ஒரு அம்மா கொண்டு வந்தா. எங்க கிளினிக்கைத்தான் தேடியிருக்கா. இவன் வந்திருக்கான். மாத்திரையை நிறுத்திட்டு ஒரு மாசம் இதைக் குடுன்னு சொல்லியிருக்கான். குடுத்திருக்கா. புள்ளைக்கு வலி தாங்காம, வழியில ஆளுங்களைக் கேட்டுக் கேட்டு, நடந்தே எங்கிட்ட வந்து சேர்ந்தா."

அபோண்டி தேடுபொறியில் நோயின் பெயரையும் ஊர்ப் பெயரையும் அடித்தாள். முதலில் ஒபாடியா. இரண்டாவது, மூன்றாவது வேறு யாரோ. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று ஆறு பக்கம் போனாள். கிளினிக் எங்குமே இல்லை.

அவள் ஒபாடியாவின் பக்கத்தைத் திறந்தாள். அடியில் நீளமாக வெற்றிடம். அதன் மேல் சுட்டியை அழுத்தி இழுத்தாள். வெள்ளைப் பின்புலத்தில் வெள்ளை எழுத்தில் மறைந்திருந்த சொற்கள் நீலப் பட்டைக்குள் வரிவரியாகத் தெரிந்தன. நோயின் பெயர், கிசுமு, கொண்டேலே, சிஸ்டரின் கிளினிக் பெயர். மனிதக் கண்ணுக்குத் தெரியாமல், தேடுபொறி படிக்க மட்டும் எழுதிய சொற்கள்.

"எங்க பேரு அவன் பக்கத்துல எதுக்கு?" என்றார் சிஸ்டர்.

அந்தப் பக்கமும் எங்கள் அலுவலகத்தில் செய்ததுதான். செய்தவன் ஸ்வாலே என்றாள் அபோண்டி. எங்கள் மூவரின் பார்வையும் மூன்றாவது மேசைக்குப் போனது. அவன் தொழுகைக்குப் போயிருந்தான்.

முதலாளி ஒடுவோமா உள்ளறையிலிருந்து வந்தார். பருத்த, சத்தமாகப் பேசும் மனிதர். அபோண்டியை அவள் பிறந்த ஊரை வைத்துச் 'செமேக்காரி' என்றுதான் கூப்பிடுவார். சர்வரின் பதிவைத் திறக்கச் சொன்னார். யார், எந்தக் கோப்பை, எப்போது தொட்டார்கள் என்று அதில் இருக்கும். கிளினிக்கின் கோப்பில் இரண்டே பதிவுகள். மே பதினாலு, அபோண்டி. ஜூன் பதினாறு, சனிக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடம், ஸ்வாலே.

"அன்னிக்கு ஆபீஸ்ல யாருமே இல்லையே," என்றேன் நான்.

"ஒபாடியாகிட்ட கை நீட்டிக் காசு வாங்கிட்டான்," என்றார் ஒடுவோமா. "கடற்கரைக்காரனுங்க வாய் தேன். சிஸ்டர், வெள்ளிக்கிழமை வாங்க. உங்க கண்ணு முன்னாடியே அவனை அனுப்பறேன். போலீசுக்கும் எழுதிக் குடுப்பேன்."

அபோண்டி அதற்குள் கிளினிக் பக்கத்தைச் சோதனைக் கருவியில் போட்டிருந்தாள். நிரல் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. பிழை இருந்தால் சிவப்புப் பட்டை, இல்லையென்றால் பச்சை. பச்சை வந்தது.

"என் பக்கம் சுத்தம்," என்றாள். "பிழை பூஜ்யம். அப்போ இது வெளிக்கை வேலை."

"அவன் என்ன மாத்துனான்னு காகிதத்துல போட்டுக் குடு செமேக்காரி. அது போதும்."

சிஸ்டரின் பதிவேட்டில் மே கடைசியிலிருந்தே எண்கள் சரிந்திருந்தன. ஸ்வாலே கோப்பைத் தொட்டது ஜூன் பதினாறில்தான். இரண்டும் ஒரே மேசையில் திறந்து கிடந்தன. எண்ணத் தெரிந்த நாலு பேர் அதைச் சுற்றி நின்றோம். ஒருவர்கூடக் கூட்டிப் பார்க்கவில்லை. வெளியூர்க்காரன் மேல் சந்தேகம் வந்துவிட்டால் நாட்காட்டிகூட நம் பக்கம் பேசுவதாகவே தோன்றும். சூனியம் என்று சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாழ்ந்தவன் நான். அன்று நான் செய்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

செவ்வாய்க்கிழமை அபோண்டி அவன் மேசைக்கு நேரே போய் நின்றாள்.

"கிளினிக் பக்கத்துல கை வெச்சியா?"

"ஆமா அக்கா. ஒரு படத்துக்குப் பேர் எழுதினேன்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. வாசல் படத்துக்கு 'படம் மூணு'ன்னு இருந்துச்சு. அது விவரம் இல்லையே, அதான்."

"சனிக்கிழமை, ஆளில்லாத நேரத்துல?"

"காலைல கரண்ட் இல்ல. வந்ததும் ஏத்திட்டுப் போயிட்டேன்."

"என் பக்கத்துல 'படம் மூணு'ன்னு இருந்துச்சா?" அவள் குரல் தாழ்ந்தது. "என் பக்கத்துல?"

நான் சிரித்துவிட்டேன். "காசு வாங்காம அடுத்தவங்க பக்கத்துக்குப் பொட்டு வைக்க வந்தியாக்கும்," என்றேன். ஸ்வாலே என்னைப் பார்த்தான். திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். புதன்கிழமை அவன் தேநீர்க் குவளையை யாரோ குப்பைக் கூடையில் போட்டிருந்தார்கள். அவன் அதை எடுத்துக் கழுவி மறுபடி மேசையில் வைத்தான்.

வியாழன் மதியம் அபோண்டி இரண்டு அச்சுக் கட்டுகளோடு என்னைக் கூப்பிட்டாள். ஒன்று, மே பதினாலாம் தேதி அவள் ஏற்றியபோது தன் கணினியில் வைத்துக்கொண்ட பிரதி. மற்றது, இப்போது வலையில் இருப்பது. அச்சகத்தில் பிழை பார்ப்பது போல நான் ஒன்றைச் சத்தமாகப் படிக்க, அவள் அளவுகோலும் சிவப்புப் பென்சிலுமாக மற்றதைப் பின்தொடர வேண்டும். வித்தியாசம் வந்தால் வட்டம் போடுவாள். அந்த வட்டங்கள்தான் வெள்ளிக்கிழமைக்குச் சான்று.

இருநூற்றுச் சொச்சம் வரிகள். நூற்றுப் பன்னிரண்டாவது வரியில் பென்சில் நின்றது. பழையதில் 'படம் 3'. புதியதில், 'கிளினிக் வாசல், நீலக் கதவு, மட்டாட்டு வேன் நிறுத்தத்துக்கு எதிரில்'. வட்டம் போட்டாள். கடைசி வரி வரை வேறு வட்டமே இல்லை.

"மறுபடி படி," என்றாள்.

"அபோண்டி, தொண்டை காயுது."

"படி வாத்தியாரே. எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கான்."

மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினேன். இரண்டு, மூன்று, ஐந்து. ஏழாவது வரியைப் பாதி படித்தபோது என் நாக்கு நின்றது. தேடுபொறியே, இந்தப் பக்கத்தைப் பட்டியலில் சேர்க்காதே. தாழ்ப்பாள். முதல் தடவையும் அதைப் படித்தேன், அவளும் கேட்டாள். இரண்டு தாளிலும் ஒரே மாதிரி இருந்ததால் இருவரும் தாண்டிப் போயிருந்தோம். வித்தியாசத்தைத் தேடியவர்களுக்குத் தவறு கண்ணில் படவில்லை.

"உன் கையில இருக்கிறது எந்தத் தேதிப் பிரதி?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும்.

"மே பதினாலு. உன்னோடது."

அவள் பென்சிலை வைத்தாள். கணினியின் பக்கம் திரும்பி, கிளினிக் பக்கத்தைத் திறந்து, ஏழாவது வரியை அழித்து ஏற்றினாள். பிறகு சோதனைக் கருவியில் போட்டாள். பச்சை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வரி விதிப்படி சரியான வரி," என்றாள். "ஒரு பிழை கிடையாது. அதான் அன்னிக்கும் பச்சை, இன்னிக்கும் பச்சை. நான் சுத்தமா எழுதித்தான் கதவைச் சாத்தியிருக்கேன்."

ஒடுவோமாவிடம் போனாள். நானும் போனேன். அவர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"அப்போ முடிஞ்சுது."

"ஸ்வாலே?"

"சிஸ்டர்கிட்ட அவன்தான்னு சொல்லியாச்சு. இப்போ நம்ம தப்புன்னா கிளினிக் போகும். அவங்களைப் பாத்து வந்த நாலு ஆஸ்பத்திரியும் போகும். முக்கியமா நீ போகணும். அவன் சின்னப் பையன், மொம்பாசால வேலையா இல்ல? நீ எங்க போவ செமேக்காரி?"

அவள் வெளியே வந்தாள். ஸ்வாலேயின் மேசையைக் கடக்கும்போது அவனைப் பார்க்கவில்லை. அவன் தன் சாமான்களை ஏற்கெனவே ஒரு பையில் போட்டு வைத்திருந்தான். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளையும் நான் சந்தேகப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சிஸ்டர் வந்தார். ஒடுவோமா அவருக்கு நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, தொண்டையைச் செருமினார்.

"கண்டுபிடிச்சாச்சு சிஸ்டர். நான் சொன்ன மாதிரியே."

"இல்ல," என்றாள் அபோண்டி. இரண்டு தாள்களையும் சிஸ்டர் முன் விரித்து ஏழாவது வரியில் விரலை வைத்தாள். "இந்த வரி உங்க பக்கத்தைத் தேடல்ல காட்டாதேன்னு சொல்லுது. போட்டது நான். வேலை முடிஞ்சதும் எடுக்கணும், எடுக்கல. சீட்டு ஒட்டுற வழக்கம் இங்க இருக்கு. எனக்கு அது தேவையில்லைன்னு நெனச்சேன். ஸ்வாலே மாத்தினது இந்த ஒரு வரிதான்." நூற்றுப் பன்னிரண்டைக் காட்டினாள். "இது நான் அரைகுறையா விட்டது. அவன் சரி பண்ணியிருக்கான்."

சிஸ்டர் அந்த நீலக் கதவு வரியை நெடுநேரம் படித்தார்.

"நாலு வாரம்," என்றார். "எத்தனை பேர் அந்தக் குப்பியை வாங்கிட்டுப் போனாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சிஸ்டர். தெரிஞ்சுக்க வழியும் இல்ல."

"மன்னிச்சுடுங்கன்னு சொல்லமாட்டியா?"

"சொன்னா அந்தப் புள்ளைங்களுக்கு வலி போகாது. சொல்றேன். மன்னிச்சுடுங்க." பிறகு மூன்றாவது மேசைப் பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணும் இருக்கு. ஒபாடியா பக்கத்துல உங்க பேரை வெள்ளையில எழுதின கை இவனோடது. இவனா செய்யற ஆள் இல்ல, எழுதச் சொன்னது யாருன்னு இவனைக் கேளுங்க."

"செமேக்காரி," என்றார் ஒடுவோமா.

ஸ்வாலே பையைத் திறந்தான். உள்ளே மஞ்சள் சீட்டுகள், ரப்பர் வளையம் போட்டு மாதவாரியாக அடுக்கியவை. கிழித்த சீட்டுகளைக்கூட அவன் எறிவதில்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒன்றை உருவி சிஸ்டரிடம் கொடுத்தான். 'கொண்டேலே கிளினிக் பேர், முப்பது தடவை, வெள்ளையில்.' ஒடுவோமாவின் பெருத்த கையெழுத்து. அதன் கீழே சின்ன எழுத்தில் ஸ்வாலே எழுதியிருந்தான்: 'இது சரியில்லை என்று சொன்னேன். செய் என்றார்.'

"சொன்னதும் செஞ்சுட்டியே," என்றார் சிஸ்டர் அவனிடம்.

"செஞ்சேன் சிஸ்டர்." அவன் தலையைத் தூக்கவில்லை. "ஒத்துக்கலன்னா வேலை போயிருக்கும்."

சிஸ்டர் எழுந்தார்.

"ஒடுவோமா, அந்த வெள்ளை எழுத்து சாயங்காலத்துக்குள்ள போகணும். போகலன்னா இந்தச் சீட்டு இந்த ஊர்ல இருக்கிற எல்லா கிளினிக்குக்கும் போகும். எங்க பக்கத்தை இனிமே இந்தப் பையன் பாக்கட்டும். இவன் இங்க இருந்தா நாங்க இங்க இருக்கோம். இவன் போனா இவன் பின்னாடியே போறோம்." கதவருகே நின்று அபோண்டியைப் பார்த்தார். "நீ என் பக்கத்தைத் தொடாதே."

"சரி சிஸ்டர்," என்றாள் அபோண்டி.

வெள்ளை எழுத்துகள் அன்று மாலையே போயின. போலீசுக்கு எழுதிக் கொடுப்பதைப் பற்றி ஒடுவோமா அப்புறம் வாய் திறக்கவில்லை. குப்பி விற்ற ஒபாடியாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. பதினோரு நாள் கழித்து கிளினிக் தேடலில் நான்காவதாக வந்தது. முதலில் பார்த்தவன் ஸ்வாலேதான். பார்த்துவிட்டுத் தன் சீட்டு ஒன்றைக் கிழித்து ரப்பர் வளையத்துக்குள் செருகினான்.

நான் ஒருநாள் மதியம் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். "இருக்கட்டும் வாத்தியாரே, பழகிப்போச்சு," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு அபோண்டி எந்தப் பக்கத்தை ஏற்றினாலும் அவன் எழுந்து அவள் மேசைக்கு வருவான். "அக்கா, கொஞ்சம் நகருங்க," என்பான். அவள் நாற்காலியோடு நகர்வாள். அவன் நிரலைத் திறந்து தலைப்பகுதியை வரி வரியாக விரல் வைத்துப் படிப்பான். சிரிக்கமாட்டான், அவசரப்படமாட்டான். முடிந்ததும் தன் இடத்துக்குப் போய்விடுவான். ஆறு மாதம் ஆகியும் நிற்கவில்லை.

"இன்னும் உன்னை நம்பமாட்டேங்கிறானே, உனக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டேன்.

அபோண்டி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானா இருந்தா ரெண்டு தடவை பாப்பேன்," என்றாள். "ஸ்வாலே, நான் இப்போ ஏத்தின கடைசிப் பக்கத்தைப் பாக்காமப் போயிட்ட. வா."